பந்தி வஞ்சனை

எங்கள் காலத்தில் வகுப்புக்கு ஒரு தேவாங்கு இருக்கும். ஒல்லிக் கை, குச்சிக் கால், முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட கண் என்று ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால் போதும், ஒரு வாரத்துக்குள் அந்தப் பெயர் விழுந்துவிடும். வைத்தவர்களில் ஒருவராவது தேவாங்கை நேரில் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். பின்னாளில் நானே விலங்கியல் ஆசிரியை ஆகி, மயிலாப்பூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் பாலூட்டிகள் பாடம் நடத்தினேன். படத்தைச் சுவரில் மாட்டியதும் கடைசி வரிசையில் சிரிப்பு கிளம்பும். யாரோ ஒரு பெண் தலையைக் குனிந்துகொள்வாள். அந்த வருடத்துப் பட்டம் யாருக்கு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிடும்.

அந்தத் தேவாங்குக்கு 2022 அக்டோபரில் வீடு கிடைத்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அதுதான். கண்ணில் மருந்து இருக்கிறது, மாந்திரீகத்துக்கு ஆகும் என்று பிடித்துப் பாடாய்ப் படுத்தப்பட்ட பிராணி. இரவெல்லாம் கிளை கிளையாக ஊர்ந்து பூச்சி தின்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் அந்தக் கணக்கில் போவதால் பக்கத்து விவசாயிக்கு அதனால் லாபமே ஒழிய நஷ்டம் இல்லை.

செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அதை வைத்து நாம் திருந்திவிட்டோம் என்று சொல்ல மட்டும் துணிவு வரவில்லை.

கல்யாண வீட்டுக்குப் போனால் என் அம்மா கவனிப்பது பரிமாறுகிறவரின் கையை. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்த வரிசையில் நெய்க் கரண்டி தாராளமாகச் சாயும். கடைசி இலைக்கு வரும்போது நிமிர்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பந்தி வஞ்சனை பண்ணுகிறவன் வீட்டில் கை நனைக்கக் கூடாது" என்பாள். அருகிவரும் உயிர்களைக் காக்கிறோம் என்று நாம் போட்டிருக்கும் பந்தியில் கரண்டி எந்த இலையில் எவ்வளவு சாய்கிறது என்பதை எழுபதைத் தாண்டிய பிறகு கொஞ்சம் உற்றுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

முதல் இலை யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 1961-இல் உலகக் காட்டுயிர் நிதியம் தனக்கொரு சின்னம் தேடியபோது, லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு வந்திருந்த சீ-சீ என்ற பாண்டா எல்லார் கண்ணிலும் பட்டது. பீட்டர் ஸ்காட் அதைச் சின்னமாக வரைந்தார். உருண்டை முகம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு, அணைத்துக்கொள்ளத் தோன்றும் உடம்பு. கறுப்பு வெள்ளையில் அச்சடித்துவிடலாம் என்பதால் செலவும் குறைவு. பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம் உள்ள எதைக் கண்டாலும் நம் மனம் அதைக் குழந்தை என்று எடுத்துக்கொண்டு இளகிவிடுகிறது என்று கான்ராட் லோரன்ஸ் 1943-இலேயே எழுதியிருந்தார். அந்த இளக்கம்தான் அதன்பிறகு உண்டியலை நிரப்பியது. உண்டியல் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாண்டா இருந்த ஆபத்துப் படியிலிருந்து ஒரு படி தேறிவிட்டது என்று 2016-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலைத் திருத்தியது.

நமக்குப் புலி. 1973-இல் புலிகள் திட்டம் தொடங்கியது. 2010 வாக்கில் ஏர்செல் நிறுவனம் "1,411 புலிகளே மிச்சம்" என்று தொலைக்காட்சியிலும் சுவரொட்டியிலும் சொல்லிச் சொல்லி, ஆட்டோ ஓட்டுநருக்குக்கூட அந்த எண் மனப்பாடமானது. 2022 கணக்கெடுப்பில் 3,682 என்றார்கள். புலி பிழைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கழுதைப்புலியின் எண்ணிக்கையை யாராவது சுவரில் எழுதி நாம் பார்த்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

கழுதைப்புலி என்றதும் நினைவுக்கு வருகிறது. அதிகம் பேசப்படாத நான்கு உயிர்களுக்கென்று தமிழ்நாடு அரசு அண்மையில் ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. சிங்கவால் குரங்கு, முள்ளெலி, மோயாற்றிலும் காவிரியிலும் வாழும் பெரிய மஹசீர் மீன், வரிக் கழுதைப்புலி ஆகியவை அந்த நான்கு. இப்படி ஒரு பட்டியலை ஓர் அரசு போட்டதே பெரிய விஷயம், முதலில் அதைப் பாராட்டிவிடுகிறேன். பிறகு பங்கீட்டைப் பார்த்தேன். சிங்கவால் குரங்குக்கு 48.5 லட்சம், முள்ளெலிக்கு 20.5 லட்சம், மீனுக்கு 17 லட்சம், கழுதைப்புலிக்கு 14 லட்சம். ஒவ்வொன்றுக்கும் வேலையின் அளவு வேறு, செலவும் வேறு என்று அதிகாரிகள் நியாயம் சொல்லலாம், அது சரியாகவும் இருக்கலாம். இருந்தாலும் பிடரி மயிர் சிலிர்த்த அழகன் தலைவாழை இலையில் உட்கார்ந்திருக்க, கூன் விழுந்த முதுகுக்காரன் கடைசியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அம்மா ஒரு பெருமூச்சாவது விட்டிருப்பாள்.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது கழுகு. காட்டுயிர்க்காரர்கள் பாறு என்கிறார்கள். ஊரில் பிணந்தின்னிக் கழுகு.

அறுபதுகளில் அப்பா எங்களைத் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப்போனார். படி ஏறிக் கால் வலித்த பிள்ளைகளுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டது, "மேலே கழுகு வரும், பார்க்கலாம்" என்பதே. உச்சிவேளையில் பாறைமேல் சர்க்கரைப் பொங்கலும் நெய்யும் வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். கூட்டம் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு பறவைகள் வட்டமடித்து இறங்கின. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாபம் பெற்ற முனிவர்கள், காசிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே சாப்பாட்டுக்கு மட்டும் இங்கே இறங்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற பாட்டி எனக்கு விளக்கினார். கிட்டே பார்த்தால் அழுக்கேறிய வெள்ளை உடம்பு, இறகே இல்லாத மஞ்சள் முகம், ஆடி ஆடி நடக்கும் நடை. முனிவருக்கு இந்த முகமா என்று கேட்டு அக்காவிடம் கிள்ளு வாங்கினேன்.

அவை மஞ்சள்முகப் பாறுகள் என்று கல்லூரியில்தான் தெரிந்தது. அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்பது தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. சாணத்திலிருந்து வருகிறது. கால்நடைகளின் சாணத்தைத் தின்னும்போது அதிலுள்ள நிறமிகள் உடம்பில் சேர்ந்து முகத்தில் ஏறுகின்றன என்று 2002-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். பொங்கலை வைத்துக் கும்பிட்டவர்களிடம் அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் என்னை மலையிலிருந்து உருட்டியிருப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியோடு அந்த வருகை நின்றுபோனது. கலி முற்றிவிட்டது என்றார்கள். பக்தர்கள் குறையவில்லை, பொங்கலும் குறையவில்லை. இதில் நான் கவனிப்பது ஒன்று உண்டு. அசிங்கம் என்று ஒதுக்கிய ஊர்களில் கழுகு போனது, ஆச்சரியமில்லை. தெய்வம் என்று கையெடுத்த ஊரிலும் போய்விட்டது. சடாயுவுக்குத் திருப்புட்குழியில் கோயிலும் புள்ளிருக்குவேளூரில் கதையும் வைத்திருக்கும் சமூகம் நாம். இராமன் தகப்பனுக்குச் செய்வதாக அதற்கு ஈமக்கடன் செய்தான் என்று காலட்சேபத்தில் கேட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறோம். வானத்தில் இருந்த சடாயுக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்ததை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தவர்கள் சிலரே. ராஜஸ்தானில் பரத்பூர்க் காட்டில் கழுகுகள் கழுத்துத் தொங்கி மரத்திலேயே உட்கார்ந்திருந்து விழுவதைத் தொண்ணூறுகளில் விபு பிரகாஷ் குறித்துவைத்தார். நோய் என்று தேடினார்கள். விடை 2004-இல் பாகிஸ்தானிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் இறந்த கழுகுகளின் சிறுநீரகத்தைச் சோதித்து, மாட்டுக்குப் போடும் டைக்லோஃபினாக் என்ற வலிநிவாரணிதான் எமன் என்று காட்டினார்கள். ஊசி போட்ட மாடு இரண்டொரு நாளில் செத்தால் அந்த மருந்து இறைச்சியில் இருக்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் பழுதாகி, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள்மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். சில நாட்களில் கதை முடியும். ஒரே பிணத்தைப் பல கழுகுகள் சேர்ந்து தின்பதால் நூறில் ஒரு மாட்டுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே ஓர் இனத்தைத் துடைத்துவிடப் போதும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே மிஞ்சியது.

லட்சக்கணக்கில் புலிகள் இருந்து இப்படி விழுந்திருந்தால் பாராளுமன்றம் நடந்திருக்காது. கழுகுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அழுகலைத் தின்கிறது, தலையில் மயிரில்லை, போனால் போகட்டும் என்று இருந்துவிட்டோம். போனதன் விலை பிறகுதான் வந்தது. தின்ன ஆளில்லாத பிணங்கள் ஊரோரம் அழுகின, தண்ணீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று இரண்டு பொருளியலாளர்கள் மாவட்டவாரியாகக் கணக்கெடுத்து 2024-இல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் எழுதினார்கள். பாறு பார்க்க எப்படி இருந்தது என்பது அந்த 5 லட்சம் வீடுகளில் யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

மிச்சமிருக்கும் கழுகுகளை எது காப்பாற்றுகிறது என்று பார்த்தால், நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் புரியும். யாருக்கும் கழுகின்மேல் திடீரென்று ஆசை வந்துவிடவில்லை. 2006-இல் அந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை வந்தது. மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்கே ஏற்றினார்கள். ஆகவே 2015-இல் மனிதருக்கான குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். மருந்து நிறுவனங்கள் நம்முடைய சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து வழக்காடின. 2017-இல் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றது. பாரிமுனையில் நடந்த அந்த வழக்கு எங்கள் அபிராமபுரத்தில் ஒரு வீட்டிலாவது பேச்சாக வந்ததாக நினைவில்லை. 2023-இல் கீட்டோப்ரோஃபென், அசெக்லோஃபினாக், 2024 டிசம்பர் கடைசியில் நிமிசுலைடு என்று அடுத்தடுத்த மருந்துகளும் மாட்டு வைத்தியத்திலிருந்து விலக்கப்பட்டன. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருக்கிறது, அது கழுகை ஒன்றும் செய்வதில்லை.

மோயாற்றங்கரையில் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. அங்கே அருளகம் அமைப்பின் பாரதிதாசனும் அவருடைய தோழர்களும் ஆண்டுக்கணக்கில் செய்தது என்ன? மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினார்கள். மாடு வைத்திருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். ஊராட்சி மன்றங்களில் போய் நின்றார்கள். புகைப்படம் எடுத்தால் ஒரு பத்திரிகையும் அட்டையில் போடாத வேலை. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணியபோது 246 பாறுகள் கணக்கில் வந்தன, அந்த ஆண்டு இறுதியில் எண்ணியபோது 320. பார்க்கும் கண்கள் கூடியதாலும் எண் கூடும், ஆகவே பெருகிவிட்டது என்று நான் கைதட்ட மாட்டேன்.

அழகான மிருகத்தைக் காத்தால் அதன் நிழலில் மற்றவையும் பிழைக்கும் என்று ஒரு வாதம் உண்டு. பொய் இல்லை. எழுபதுகளின் கடைசியில் சைலண்ட் வேலியில் அணை கட்டக் கிளம்பியபோது சிங்கவால் குரங்கின் முகத்தைக் காட்டித்தான் ஊரைத் திரட்டினார்கள். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. குரங்கோடு சேர்த்து அந்தக் காட்டின் பூரானும் பாசியும் பிழைத்தன. மோயாற்றுப் பாறுகளும் முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் பாதுகாப்பில்தான் முட்டையிடுகின்றன. மரத்தை வெட்டவிடாமல் நிற்கும் காவலருக்குச் சம்பளம் புலியின் பெயரில் வருகிறது. சரி. ஆனால் கழுகைக் கொன்றது கோடரி அல்ல, ஊசி. ஊசி காப்பகத்துக்கு வெளியே, மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. கழுகோ இரை தேடி வெகுதூரம் பறக்கும். புலியின் நிழல் காட்டின் எல்லைக் கல்லோடு முடிந்துவிடுகிறது.

அழகாகப் பிறந்தவற்றுக்காவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. நட்சத்திர ஆமையின் ஓட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கறுப்பில் மஞ்சள் கதிர் வரைந்த கோலம். அந்த ஓட்டின் அழகும், வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து அதைப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டன. சென்னை விமான நிலையத்தில் துணிகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் அடுக்கிய ஆமைகளைச் சுங்கத்துறை பிடித்தது என்ற செய்தி அலுத்துப்போகும் அளவுக்கு வருகிறது. 2019-இல் அதன் பன்னாட்டு வணிகத்தை அடியோடு தடைசெய்யும் பட்டியலில் சேர்த்தார்கள். தேவாங்கின் வெளிநாட்டு உறவினர் ஒருவர் இருக்கிறார், தென்கிழக்காசியாவின் மெதுதேவாங்கு. அதன் அக்குளைச் சொறிந்துவிட அது கையைத் தூக்கிக்கொண்டு இருக்கும் ஒரு காணொளி 2009-இல் உலகம் முழுக்கப் பரவியது. பயத்தில் கையைத் தூக்கும் பிராணி அது, முழங்கைப் பக்கத்துச் சுரப்பியில் நஞ்சு வைத்திருக்கிறது. பார்த்தவர்களோ எனக்கும் ஒன்று வேண்டும் என்று கருத்து எழுதினார்கள். அந்தக் கருத்துகளை எண்ணி ஓர் ஆய்வே 2013-இல் வெளிவந்தது. நம் ஊரில் வசையாக இருந்த கண் அங்கே ஆசையாக மாறியது. இரண்டிலும் பாவம் அந்தப் பிராணிதான்.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரே உயிரை இரண்டு முகத்தோடு பார்க்கலாம். ஆமைக்குஞ்சு முகமும் பெரிய ஆமை முகமும். 1988 முதல் மாணவர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து சனவரி முதல் இரவெல்லாம் நீலாங்கரையிலிருந்து நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். இன்னும் நடக்கிறார்கள், தலைமுறை மாறியும். அந்திவேளையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது பார்க்க வேண்டும். தோளில் பிள்ளை, கையில் கைப்பேசி, ஒரே கொஞ்சல். 2025 சனவரியில் சென்னையைச் சுற்றிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிட வந்தவை, விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கி மூச்சடைத்தவை. கண் பிதுங்கி, உடம்பு ஊதி, நாற்றம். அதே மணலில் நடைப்பயிற்சிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழியை மாற்றினார்கள். மாநகராட்சி வந்து புதைத்தது. கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவலை கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை தப்பிக்க வலையில் வைக்கும் கருவியும் இருக்கிறது. குஞ்சைக் கொஞ்சிய கூட்டத்தில் பத்தில் ஒருவர் அந்தச் சட்டத்தைப் பற்றி மீன்வளத் துறைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் ஆமைக்கு அதிகம் உதவியிருக்கும்.

அசிங்கத்துக்குக்கூட ஒரு வாழ்வு உண்டு என்பதையும் கவனித்திருக்கிறேன். 1972-இல் ரோமுலஸ் விட்டேகர் கிண்டியில் பாம்புப் பண்ணையைத் திறந்தபோது மெட்ராஸே வரிசையில் நின்றது. பயந்துகொண்டேதான் நின்றது, இருந்தாலும் நுழைவுச்சீட்டு வாங்கியது. இங்கிலாந்தில் அசிங்கப் பிராணிகளுக்கென்றே சைமன் வாட் என்பவர் ஒரு சங்கம் வைத்து, 2013-இல் வாக்கெடுப்பு நடத்தி, பிளாப்ஃபிஷ் என்ற ஆழ்கடல் மீனுக்கு உலகின் அசிங்கமான பிராணி என்று பட்டம் கொடுத்தார். படத்தில் அது சளிக்கட்டியாகக் கிடக்கும். கடலுக்கடியில் அந்த அழுத்தத்தில் அது ஒழுங்கான மீன். மேலே இழுத்துப்போட்டு, உருக்குலைத்து, அப்புறம் அசிங்கம் என்கிறோம்.

எந்தப் பட்டமும் கிடைக்காமல் போகிறவைதான் பெரும்பாலானவை. திருவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமானது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. ஒரு காடு, முதலில் அணிலின் பெயர், பிறகு புலியின் பெயர். அந்த மலைச்சரிவில் மண்ணுக்கடியில் ஒரு தவளை வாழ்கிறது. ஊதிய உடம்பு, பன்றிக்கிருப்பதாகச் சொல்லக்கூடிய மூக்கு, கறுத்த ஊதா நிறம். ஆண்டெல்லாம் மண்ணுக்குள் கறையான் தின்றுகொண்டிருந்துவிட்டு மழைக்கு மட்டும் சில நாள் வெளியே வந்து முட்டையிட்டுப் போய்விடும். அதன் அண்ணன் முறை 2003-இல் இடுக்கிப் பக்கத்தில் அறிவியலுக்குத் தெரியவந்தபோது, கிட்டிய சொந்தம் செஷல்ஸ் தீவில் இருப்பது தெரிந்தது. இந்தியா அந்தத் தீவுகளோடு ஒட்டியிருந்த காலத்து வம்சம். நம்முடைய தவளைக்கு 2017-இல், மூன்றாண்டுக்கு முன் களப்பணியில் விபத்துக்குள்ளாகி இறந்த கோவை ஆய்வாளர் பூபதியின் பெயரை வைத்தார்கள். மேகமலையில் ஒரு வௌவாலும் உண்டு. 1948-இல் பிடித்துப் பம்பாய் அருங்காட்சியகத்தில் வேறொரு வௌவால் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டார்கள். அது புதிய இனம் என்று 1972-இல் ஒருவர் கண்டுபிடித்துச் சலீம் அலி பெயரைச் சூட்டினார். அதே 1972-இல் வந்த வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணிகள் என்று எழுதியது. அந்த அட்டவணையே நீங்க 2022-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், இன்றைய இராதாகிருஷ்ணன் சாலையில், மா.கிருஷ்ணன் வாழ்ந்தார். அ.மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் காட்டுயிர் பற்றி எழுதினார், தமிழிலும் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காக்கையைப் பற்றியும் கீரியைப் பற்றியும் எழுதுவார். எது உயர்ந்த இலை என்ற எண்ணமே அந்த எழுத்தில் வராது. இந்தப் பகுதிக்காரர்கள் அவரைக் கோபக்காரர் என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

போன வருடம் எங்கள் குடியிருப்பின் குழாய்கள் போகும் டக்டில் ஓர் ஆந்தை வந்து குஞ்சு பொரித்தது. கூகை. வெள்ளை முகம், கறுத்த கண், இரவில் சீறல். மூன்றாம் மாடி மாமி சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார். அவருடைய மாமனார் உடம்பு முடியாமல் இருந்த நேரம், ஆகவே அவர் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. செயலாளர் வலை போட்டு அடைத்துவிடலாம், ஆள் இருக்கிறான், இரண்டாயிரம் ஆகும் என்றார். ஓர் இளைஞர் எழுந்து அது லட்சுமி வாகனம் என்று வடக்கே சொல்வார்கள் என்றார். மாமியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை. இன்றைக்கு ஆந்தைக்கு லட்சுமியைத் தேடினால் நாளைக்கு வௌவாலுக்கு யாரைத் தேடுவது?

குஞ்சுக்கு இறக்கை முளைத்துப் போக இரண்டு மாதம் ஆகும், அதுவரை கூட்டை எடுப்பது சட்டப்படி குற்றம், போன பிறகு வேண்டுமானால் வலை போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். காவலாளி வாசலிலிருந்து, "எலி கொறஞ்சிருக்கும்மா, கார் ஒயரைக் கடிக்கிறதில்ல இப்ப" என்றார். அது கார் வைத்திருப்பவர்களிடம் வேலை செய்தது.

"அழகா இருக்குன்னு சொல்லச் சொல்றேளா என்னை?" என்று மாமி என்னைக் கேட்டார்.

"வேண்டாம் மாமி. பிடிக்கவே வேண்டாம். இருந்துட்டுப் போகட்டும், அவ்வளவுதான்."

இரண்டு மாதம் டக்டைத் தொடுவதில்லை என்று தீர்மானம் எழுதினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். மாமி பேனாவை வாங்கிக்கொண்டு, பேருக்குப் பக்கத்தில் "எனக்குப் பிடிக்கவில்லை" என்றும் எழுதலாமா என்று செயலாளரைக் கேட்டார். எழுதலாம் என்றார். எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.